ஜெர்மன் மொழி தெரியாமல் ஜெர்மனி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முடியுமா?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து 26 வயது வாசகி ஒருவர் எட்டுப் பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

பெற்றோர் இருவரும் விவசாயக் கூலித் தொழிலாளர்கள், ஆதிதிராவிடர் வகுப்பு, குடும்ப ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்குள். பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர், அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி ஒன்றில் கட்டடப் பொறியியலையும் தமிழ்வழியிலேயே படித்து, 2021 மே மாதம் 8.1 புள்ளிகளுடன் முதல் வகுப்பில் முடித்திருக்கிறார். 2022 ஜனவரி முதல் ஓர் ஒப்பந்ததாரரிடம் சைட் இன்ஜினியராக, கூட்டுக் குடிநீர்த் திட்டப் பணிகளில் இருக்கிறார். ஜெர்மனியில் நீர்வள மேலாண்மையில் முதுநிலைப் பட்டம் படிக்க வேண்டும் என்பது விருப்பம். ஆங்கிலத் திறனை அளக்கும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வை 2023-இல் எழுதி, அதில் கேட்டல் 6, வாசிப்பு 6.5, எழுத்து 5.5, பேச்சு 6, மொத்தம் 6 பெற்றிருக்கிறார்.

மாவட்டத் தலைநகரிலுள்ள ஒரு கன்சல்டன்சி, "ஜெர்மன் பி2 முடிக்காமல் எந்த ஸ்காலர்ஷிப்பும் கிடைக்காது, வேலையை விட்டுவிட்டு இரண்டு ஆண்டு எங்களிடம் படியுங்கள், ஸ்காலர்ஷிப்புக்கு நாங்கள் கேரண்டி" என்று சொல்லி 1,60,000 ரூபாய் கேட்டிருக்கிறது. (மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாகப் பிரிப்பார்கள், பி2 அதில் நான்காவது படி.) முன்பணமாக 40,000 ரூபாயும், மூல மதிப்பெண் சான்றிதழ்களும் அவர்களிடம் போய்விட்டன. ஐ.இ.எல்.டி.எஸ். மறுபடி எழுதுவதைத் தவிர்க்க, ஆங்கிலவழியில் படித்ததாகக் கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வாங்கிவரவும் சொல்லியிருக்கிறார்கள். கல்லூரி அலுவலகத்தில் தெரிந்தவர் ஒருவர் அதை எழுதித்தரத் தயாராம். அம்மாவின் நகைகளை அடகு வைத்து மீதிப் பணத்தைக் கட்டலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. "நான் என்ன செய்யட்டும்? தமிழ்வழியில் படித்தது என் தவறா?" என்று கடிதம் முடிகிறது.

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் நகைப் பேச்சை நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் போக நினைக்கும் வழியில் விண்ணப்பிக்க அவ்வளவு பணம் தேவையே இல்லை. அடுத்து, வேலையை விடாதீர்கள். இந்த இரண்டையும் உடனே சொல்லிவிடக் காரணம், உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒரு தேதி. நீங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட அவசரமாகத் தெரிகிறது. அதற்குச் சற்றுப் பின்னால் வருகிறேன்.

மொழித் தகுதியைக் கேட்பது யார்?

"ஜெர்மனிக்குப் போக ஜெர்மன் வேண்டும்" என்பது பாதி உண்மை. மொழித் தகுதியை நிர்ணயிப்பது நாடு அல்ல, நீங்கள் சேரப்போகும் படிப்பு. பயிற்றுமொழி ஜெர்மன் என்றால், டெஸ்ட்டாஃப் தேர்வின் நான்கு பகுதிகளிலும் நான்காம் நிலையோ, டி.எஸ்.ஹெச். தேர்வில் இரண்டாம் நிலையோ, அதற்கு இணையான மற்றொரு சான்றிதழோ பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் கேட்கும். பயிற்றுமொழி ஆங்கிலம் என்றால் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணே போதும். ஜெர்மன் ஒரு சொல்கூடத் தெரியாமல் சேர இடம் தரும் முதுநிலைப் படிப்புகள் அங்கே ஏராளம். ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகம், ஹனோவரின் லைப்னிட்ஸ் பல்கலைக்கழகம், டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் நீர்வளம் சார்ந்த ஆங்கிலவழி முதுநிலைப் படிப்புகள் பல ஆண்டுகளாக நடந்துவருகின்றன. ஆகவே, ஒரு படிப்பின் சேர்க்கை விதிகளில் "மொழித் தகுதி" என்ற பத்தியை நீங்களே வாசிக்காதவரை, பி1, பி2 என்று யார் சொன்னாலும் தலையாட்ட வேண்டாம்.

உதவித்தொகை தருபவருடைய நிபந்தனை இன்னொன்று. உங்களுக்குப் பொருந்தக்கூடியது, ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவை, அதாவது டி.ஏ.ஏ.டி., வளரும் நாடுகளிலிருந்து வரும் பணி அனுபவமுள்ளவர்களுக்காக நடத்தும் ஈபோஸ் உதவித்தொகை. 1925-இல் தொடங்கப்பட்டு பான் நகரைத் தலைமையிடமாகக் கொண்டிருக்கும் டி.ஏ.ஏ.டி., இந்தத் திட்டத்தின் கீழ் ஒரு குறிப்பிட்ட படிப்புப் பட்டியலை ஒவ்வோர் ஆண்டும் வெளியிடுகிறது. எந்தெந்த நாட்டவர் விண்ணப்பிக்கலாம் என்பதும் அத்துடனேயே வரும். விண்ணப்பம் பொதுவாகப் படிப்பை நடத்தும் துறைக்கே நேரடியாகப் போகிறது. கடைசி நாள் பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் அக்டோபருக்குள் விழும். படிப்பு தொடங்குவது அடுத்த ஆண்டில். மூன்று படிப்புகள்வரை முன்னுரிமை வரிசையிட்டு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பக் கட்டணம் என்று டி.ஏ.ஏ.டி. எதுவும் வாங்குவதில்லை.

இந்தத் திட்டத்தின் ஆங்கிலவழிப் படிப்புகளுக்கு ஜெர்மன் நுழைவுத் தகுதி அல்ல. அதைவிட முக்கியமாக, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களைப் படிப்பு தொடங்குவதற்கு முன் ஜெர்மனியிலேயே சில மாதம் ஜெர்மன் வகுப்பில் டி.ஏ.ஏ.டி. தன் செலவில் சேர்ப்பது இத்திட்டத்தில் வழக்கம். உங்களிடம் 1,60,000 ரூபாய் கேட்டு விற்கப்பட்ட பொருளின் ஒரு பகுதி, தேர்வானால் இலவசமாகக் கிடைக்கக்கூடிய ஒன்று.

எல்லா நாட்டு உதவித்தொகைகளும் இப்படி இருக்கும் என்று எண்ணிவிடவும் கூடாது. தென்கொரிய அரசின் உதவித்தொகையில், முதல் ஓராண்டு கொரிய மொழி படிக்க வைத்து, டோபிக் தேர்வில் மூன்றாம் நிலை எட்டினால்தான் பட்டப்படிப்புக்கு அனுப்புவார்கள். பிரான்சின் ஐஃபல் உதவித்தொகைக்கு மாணவர் நேரடியாக விண்ணப்பிக்கவே முடியாது. சேரும் கல்வி நிறுவனம்தான் பரிந்துரைக்க வேண்டும், மொழித் தகுதியையும் அந்த நிறுவனமே பார்த்துக்கொள்ளும். ஒரு நாட்டுக்குப் போனவருடைய அனுபவத்தை இன்னொரு நாட்டுக்கு அளவுகோலாக எடுத்துக்கொண்டு தடுமாறுபவர்களை நான் மாதந்தோறும் பார்க்கிறேன்.

ஆறு ஆண்டு என்ற கணக்கு

இப்போது அந்தத் தேதி. ஈபோஸ் விதிகளில் மூன்றை நீங்கள் சேர்த்து வாசிக்க வேண்டும். பட்டத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு ஆண்டு தொடர்புடைய பணி அனுபவம் இருக்க வேண்டும். கடைசியாகப் பெற்ற பட்டம் பொதுவாக ஆறு ஆண்டுகளுக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. விண்ணப்பிக்கும் நேரத்தில் 15 மாதங்களுக்கு மேல் ஜெர்மனியில் தங்கியிருந்தவராக இருக்கக்கூடாது.

நீங்கள் பட்டம் முடித்தது 2021 மே. ஆறு ஆண்டு நிறைவது 2027 மே. இந்த ஆண்டு, 2026 இலையுதிர்காலத்தில் விண்ணப்பித்தால் வரம்புக்குள் இருக்கிறீர்கள். அடுத்த ஆண்டு விண்ணப்பித்தால் சில மாதம் தாண்டிவிடுவீர்கள். "பொதுவாக" என்ற சொல்லில் கொஞ்சம் இடம் இருக்கிறது என்றாலும் அதை நம்பி உட்கார வேண்டாம். கன்சல்டன்சி சொன்னபடி இரண்டு ஆண்டு ஜெர்மன் படித்துவிட்டு 2028-இல் விண்ணப்பித்தால், கையில் பி2 சான்றிதழ் இருக்கும், விண்ணப்பிக்கும் தகுதி போயிருக்கும். எந்தத் தகுதிக்காகப் பணம் கேட்டார்களோ அதைச் சம்பாதிக்கும் முயற்சியிலேயே உண்மையான தகுதியை இழக்கச் செய்யும் யோசனை அது. அவர்கள் தெரிந்தே சொன்னார்களா, தெரியாமல் சொன்னார்களா என்பது எனக்கு முக்கியமில்லை.

இரண்டு ஆண்டு என்பதும் தாராளமான மதிப்பீடு அல்ல. தொடக்கத்திலிருந்து பி2 வரை எட்ட, 45 நிமிடம் கொண்ட பாடவேளைகள் 600 முதல் 800 வரை தேவைப்படும் என்பது ஜெர்மன் மொழி கற்பிக்கும் கதே நிறுவனத்தாரின் கணக்கு. வேலை பார்த்துக்கொண்டே வாரம் ஆறு பாடவேளை படிக்க முடிந்தால் 600-ஐ முடிக்கவே நூறு வாரம் ஆகிவிடும். அதற்காகத்தான் வேலையை விடச் சொல்லியிருப்பார்கள். ஆனால் இந்த உதவித்தொகையில் உங்கள் பலமே அந்த வேலைதான். பணியிடத்திலிருந்து, நிறுவனத்தின் தலைப்புத் தாளில், கையொப்பமும் முத்திரையும் இட்ட பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். படித்துத் திரும்பியதும் மறுபடி வேலை தருவதாக முதலாளி எழுதித்தர முடிந்தால் அதையும் சேர்க்கச் சொல்வார்கள். வேலையை விட்டுவிட்டவருக்கு அந்தக் கடிதத்தை யார் தருவார்கள்?

"எப்படியாவது சொந்தச் செலவில் அங்கே போய்விட்டு, அங்கிருந்தே ஸ்காலர்ஷிப் வாங்கலாமா" என்று ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். மேலே சொன்ன 15 மாத விதி அதற்கான பதில். பண விஷயத்திலும் அது எளிதல்ல. அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை என்று நீங்கள் கேள்விப்பட்டது சரி, ஆனால் பாடன்-வூர்ட்டெம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். ஸ்டுட்கார்ட் அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டது. கட்டணமே இல்லாத இடத்திலும், ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை மாதந்தோறும் ஒரு பங்கு மட்டுமே எடுக்கக்கூடிய, முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் போட்டுக் காட்டினால்தான் மாணவர் விசா. 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோவாக உயர்ந்தது. நம் பணத்தில் 12 லட்சத்தை ஒட்டி வரும். இதை மாதக் கணக்காக்கினால் 992 யூரோ. ஈபோஸ் முதுநிலை மாணவர்களுக்கு டி.ஏ.ஏ.டி. தந்துவரும் மாத உதவித்தொகையும் அதே 992 யூரோதான், மருத்துவக் காப்பீடும் பயணப்படியும் தனி. உதவித்தொகைக் கடிதம் கையிலிருந்தால் முடக்கப்பட்ட கணக்கு தேவையில்லை.

ஆங்கிலவழிக் கடிதம் வேண்டவே வேண்டாம்

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்த பகுதி இதுதான். அரசு வேலைக்கு விண்ணப்பிப்பதற்காக, தமிழ்வழியில் பயின்றோர் சான்றிதழை அதே கல்லூரியில் ஏற்கெனவே வாங்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மாநில அரசுப் பணிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 விழுக்காடு முன்னுரிமைக்கு அது ஆதாரம். இப்போது அதே கல்லூரி முத்திரையோடு, அதே நான்கு ஆண்டுகளை ஆங்கிலவழியில் படித்ததாக ஒரு கடிதம் வந்தால், இரண்டில் ஒன்று பொய் என்பதற்கு வேறு சாட்சியே வேண்டாம். உங்கள் கோப்பே சாட்சி சொல்லும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2022 நவம்பர் முதல், ஜெர்மனிக்குப் படிக்கப்போகும் இந்திய மாணவர்களின் கல்விச் சான்றிதழ்களை ஏ.பி.எஸ். என்ற சரிபார்ப்பு அமைப்பு ஆராய்ந்து சான்று தந்த பிறகே விசாவுக்கு விண்ணப்பிக்க முடிகிறது. கட்டணம் 18,000 ரூபாய். ஜெர்மன் அரசுப் பணத்தில் உதவித்தொகை பெறுபவர்களுக்கு இதில் விலக்கு இருந்தாலும், உதவித்தொகை கிடைக்காமல் வேறு வழியில் போக நேர்ந்தால் அங்கேதான் போய் நிற்க வேண்டும். ஒரு போலிக் கடிதம் பிடிபட்டால் அந்த ஆண்டு விண்ணப்பம் மட்டும் போவதில்லை. பிறகு நீங்கள் காட்டும் உண்மையான சான்றிதழ்களையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். எழுதித்தரும் அலுவலகப் பணியாளருக்கும் வேலை போகும். இங்குள்ள குற்றவியல் சட்டத்திலும், பொய்யென்று தெரிந்த சான்றிதழை உண்மை போலப் பயன்படுத்துவது தண்டனைக்குரிய குற்றம்.

அந்தக் கடிதம் உண்மையாகவே இருந்தாலும் பெரிதாகப் பயன்படாது என்பது இன்னொரு செய்தி. பயிற்றுமொழிக் கடிதத்தை ஏற்றுக்கொள்ளும் படிப்புகள் சில உண்டு. ஆனால் இடங்கள் குறைவாகவும் போட்டி கடுமையாகவும் இருக்கும் உதவித்தொகைப் படிப்புகளில் பெரும்பாலானவை ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது டோஃபல் மதிப்பெண்ணைத்தான் கேட்கின்றன. ஆகவே முழுக்க ஆங்கிலவழியில் படித்த உங்கள் பக்கத்து வகுப்பு நண்பரும் அதே தேர்வை எழுதத்தான் வேண்டும். தமிழ்வழி உங்களிடமிருந்து எதையும் பறித்துவிடவில்லை.

தமிழ்வழியில் படித்தது தவறா என்று கேட்டீர்கள். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழில் தொடங்கியபோது, "இவர்கள் வெளியே எங்கே போவார்கள்" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். பிறகு என்னிடம் வந்த தமிழ்வழிப் பொறியாளர்கள் சிலர் அந்தக் கேள்வியை என் வாயாலேயே திரும்பப் பெற வைத்தார்கள். விண்ணப்பத்தில் பயிற்றுமொழி என்ற கட்டம் இருந்தால் "தமிழ்" என்றே எழுதுங்கள். மதிப்பெண் பட்டியலும் பட்டச் சான்றிதழும் ஆங்கிலத்திலும் இருப்பதால் மொழிபெயர்ப்புச் சிக்கலும் உங்களுக்கு இல்லை.

அரை மதிப்பெண் கணக்கு

ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும். 2023-இல் எழுதியது காலாவதியாகிவிட்டது. மறுபடி எழுதியாக வேண்டும். அதற்காகக் கலங்க வேண்டியதில்லை. உங்கள் நான்கு மதிப்பெண்களையும் கூட்டினால் 24, நான்கால் வகுத்தால் 6. எழுத்து மட்டும் 5.5-இலிருந்து 6.5 ஆகி, மற்றவை அப்படியே நின்றாலும் கூட்டுத்தொகை 25, சராசரி 6.25, அதை 6.5 என்று உயர்த்திப் போடுவது அந்தத் தேர்வின் விதி. நீங்கள் பார்க்கும் படிப்புகளில் பெரும்பாலும் 6 அல்லது 6.5 கேட்பார்கள். ஆக, உங்களுக்கும் தகுதிக்கும் நடுவில் நிற்பது எழுத்துத் தாள் ஒன்றே. சில படிப்புகள் மொத்தத்தோடு ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தபட்சம் கேட்கும் என்பதால், அந்த 5.5 எப்படியும் மேலே வர வேண்டும்.

எழுத்துத் தாளில் நம் பிள்ளைகள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் இலக்கணப் பிழையால் அல்ல. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல், பொதுவான முன்னுரையிலேயே பாதி நேரத்தைச் செலவழிப்பதால். பத்தாம் வகுப்புக் கட்டுரைப் பழக்கம் அது. என்னையும் கல்லூரிவரை விடவில்லை. அடுத்த மூன்று மாதம், நாளுக்கு ஒரு கேள்விக்கு 40 நிமிடத்தில் எழுதி, வாரம் ஒருமுறை யாராவது ஓர் ஆசிரியரிடம் திருத்தம் வாங்குங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு ஐ.இ.எல்.டி.எஸ்., டோஃபல் பயிற்சியை மாநில அரசு நிறுவனமான தாட்கோ நடத்திவருகிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கும் தாட்கோ மேலாளரிடம் இந்த வாரமே கேளுங்கள். கணினிவழித் தேர்வு எழுதி ஒரு பகுதியில் மட்டும் குறைந்தால், 60 நாளுக்குள் அந்தப் பகுதியை மட்டும் மறுபடி எழுதும் வசதி இப்போது இருக்கிறது. அந்த மதிப்பெண்ணை ஏற்பார்களா என்பதைப் படிப்புத் துறையிடம் மின்னஞ்சலில் கேட்டு உறுதிசெய்த பிறகே பணம் கட்டுங்கள். மின்னஞ்சல் என்றதும் தயங்காதீர்கள். மூன்று வரியில் தெளிவாகக் கேட்டால் பெரும்பாலான துறைகள் பதில் எழுதுகின்றன.

ஜெர்மன் படிக்கவே வேண்டாமா என்றால், படியுங்கள், மெதுவாகப் படியுங்கள். வகுப்பறை ஆங்கிலமாக இருக்கலாம். வீட்டு உரிமையாளரின் கடிதமும், குப்பையை எந்தத் தொட்டியில் போட வேண்டும் என்ற அறிவிப்பும், மருந்துக்கடைப் பேச்சும் ஜெர்மனில்தான். சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் என்ற பெயரில் இயங்கும் கதே நிறுவனம் இணையவழி வகுப்புகளும் நடத்துகிறது. விண்ணப்பத்தை அனுப்பிய பிறகு, நவம்பரிலிருந்து ஏ1 தொடங்கினால் போதும். தேர்வாகவில்லை என்றாலும் அந்த ஏ1 வீணாகாது.

எட்டுப் பக்கத்தில் ஆறாவது பக்கம்

நீங்கள் இணைத்திருந்த நோக்கக் கடிதத்தின் வரைவு, ஜெர்மனி தொழில்நுட்பத்தில் முன்னேறிய நாடு என்றும், அங்கே படிப்பது சிறுவயதுக் கனவு என்றும் தொடங்குகிறது. தேர்வுக்குழு ஜெர்மனியைப் பற்றி உங்களிடம் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எனக்கு நீங்கள் எழுதிய கடிதத்தின் ஆறாவது பக்கத்தில், போகிற போக்கில் ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள்: பதினொரு கிராமங்களுக்குப் போகும் குழாயில் கடைசிக் கிராமத்துத் தொட்டி மட்டும் நிரம்பவே மாட்டேன் என்றது, மோட்டாரைப் பெரிதாக்க வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள், நீங்கள் தொட்டி இயக்கும் அண்ணாச்சியோடு அதிகாலை நாலரை மணிக்குக் குழாய் போகும் வழியெல்லாம் நடந்து, பத்து நாள் அழுத்த அளவைப் பழைய டைரியில் குறித்து, மேட்டில் இருந்த காற்று வால்வு துருப்பிடித்து அடைத்திருப்பதைக் கண்டுபிடித்தீர்கள், அதை மாற்றியதும் 60,000 லிட்டர் தொட்டி ஐந்து மணி நேரத்துக்குப் பதில் மூன்றரை மணி நேரத்தில் நிரம்பியது.

கடிதத்தை அந்த டைரியிலிருந்து தொடங்குங்கள். உங்களுக்குத் தெரிந்த கணக்கு எங்கே முடிந்துபோனது, எந்த இடத்தில் ஊகத்தால் சமாளித்தீர்கள், அந்த இடத்தை நிரப்பக்கூடிய பாடம் இந்தப் படிப்பின் எந்தப் பருவத்தில் இருக்கிறது, திரும்பி வந்து எந்த வேலையை வேறு விதமாகச் செய்வீர்கள் என்று எழுதுங்கள். இரண்டு பக்கத்துக்கு மிகாமல் இருக்கட்டும். மூன்று படிப்புக்கு விண்ணப்பித்தாலும் ஒரே கடிதம்தான் என்பதால், மூன்றையும் ஏன் அந்த வரிசையில் வைத்தீர்கள் என்ற காரணமும் அதற்குள் வந்துவிட வேண்டும். மதிப்பெண்ணில் வகுப்பின் மேல் மூன்றில் ஒரு பங்குக்குள் இருப்பவர்களை எதிர்பார்ப்பார்கள், உங்கள் 8.1 அதற்குள் வருமானால் துறைத்தலைவரிடம் ஒரு தரவரிசைக் கடிதம் வாங்கிவையுங்கள். அது நேர்மையாக வாங்கக்கூடிய கடிதம்.

இங்கே கிடைக்கும் உதவிகள்

ஈபோஸ் ஒன்றையே நம்பியிருக்க வேண்டாம். ஒன்றிய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை பட்டியல் சாதியினருக்கும் நிலமற்ற விவசாயத் தொழிலாளர்கள் உள்ளிட்ட சில பிரிவினருக்கும் உரியது. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35-க்குள், பட்டத்தில் 60 விழுக்காடு என்ற வரம்புகளுக்குள் நீங்கள் வருகிறீர்கள். பெண்களுக்கு 30 விழுக்காடு ஒதுக்கீடும் உண்டு. இரண்டு இடத்தில் பலர் சறுக்குகிறார்கள். ஒன்று, கியூ.எஸ். உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் உள்ள நிறுவனத்தில்தான் சேர வேண்டும். ஜெர்மனியின் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்கள் எவ்வளவு நன்றாக நடந்தாலும் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் வராது. இரண்டு, நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதம் வேண்டும். "மொழிச் சான்றிதழை ஒப்படைத்தால் சேர்க்கை" என்று ஒரு வரி இருந்தாலும் அது நிபந்தனையுள்ள கடிதம்தான். ஐ.இ.எல்.டி.எஸ்.ஸை முதலில் முடிக்கச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம். தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் நலத்துறையும் வெளிநாட்டு உயர்கல்விக்கு உதவித்தொகை தருகிறது. எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்கலாம், ஒன்றுக்கு மேல் கிடைத்தால் ஒன்றைத்தான் ஏற்க முடியும், மற்றதை மறைக்காமல் தெரிவிக்க வேண்டும்.

நாற்பதாயிரமும் சான்றிதழ்களும்

கன்சல்டன்சி நடத்துபவர்கள் எல்லாரையும் நான் குறை சொல்லவில்லை. நானும் ஆலோசனை சொல்லித்தான் பிழைக்கிறேன். ஆனால் வேறொருவர் தீர்மானிக்கும் உதவித்தொகைக்குக் கேரண்டி தர எவருக்கும் அதிகாரமில்லை. மூலச் சான்றிதழை யாரிடமும் ஒப்படைக்க வேண்டிய கட்டமும் இந்த விண்ணப்பத்தில் இல்லை. ஸ்கேன் பிரதிகளே போதும், நேரில் காட்டச் சொல்லும் இடத்தில் நீங்களே கொண்டுபோய்க் காட்டிவிட்டுக் கையோடு திரும்பலாம்.

முதலில் நேரில் போய்ச் சான்றிதழ்களை மட்டும் கேளுங்கள். பணப் பேச்சை அன்று எடுக்க வேண்டாம். கூட ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். தர மறுத்தால் அல்லது மீதியைக் கட்டினால்தான் தருவோம் என்றால், ஏழு நாள் அவகாசம் தந்து ஒப்புகையோடு விரைவஞ்சலில் கடிதம் அனுப்பி, பிறகு காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். கட்டணத்துக்காகச் சான்றிதழைப் பிணையாக வைத்துக்கொள்ள அவர்களுக்கு எந்த உரிமையும் கிடையாது. சான்றிதழ் கைக்கு வந்த பிறகு, வகுப்பே தொடங்காத நிலையில் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதுங்கள். "கேரண்டி" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி இருப்பதாகச் சொன்னீர்கள், அதை அழிக்காதீர்கள். பணம் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம்: ஐந்து லட்சம் ரூபாய்வரை கட்டணமில்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இணையவழியிலும் தாக்கல் செய்யலாம், காலவரம்பு இரண்டு ஆண்டு. முழுத் தொகையும் வருமா என்பதற்கு நான் உறுதி தர மாட்டேன். ரசீதில் "திருப்பித் தரப்படாது" என்று அச்சடித்திருப்பதால் கொஞ்சம் இழுபறி இருக்கும். அதற்காக விண்ணப்ப வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.

கடைசியாக, கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த கேள்வி: மதிப்பெண் பட்டியலில் முதலெழுத்தோடு இருக்கும் பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக வந்திருக்கிறதே, எதை எழுதுவது? பாஸ்போர்ட்டில் இருக்கும்படியே எல்லா இடத்திலும் எழுதுங்கள், ஐ.இ.எல்.டி.எஸ். பதிவும் அப்படியே. முதலெழுத்துக்கும் விரிவுக்கும் உள்ள தொடர்பை விளக்கி, இரண்டும் ஒருவரே என்று நோட்டரி முன்னிலையில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் ஆங்கிலத்தில் எடுத்துவைத்துக்கொண்டால், நம் பெயர் முறை தெரியாத அலுவலருக்குக் காட்ட உதவும். ஏ1 தேர்வின் பேச்சுப் பகுதியில் முதல் வேலையே தன்னை அறிமுகம் செய்துகொண்டு, பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்வதுதான். அங்கேயும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரையே சொல்லுங்கள்.